எஸ்ஸர் மாமாவுக்கு ஒரு தூரக்கண்ணாடி

மான் சுடுவதற்கு ஒரு தூரக்கண்ணாடி தேர்ந்தெடுத்துக் கொடுக்கவேண்டும் என்று எஸ்ஸர் மாமி கேட்டபோது என் கையிலிருந்த தயிர்க் கிண்ணம் கீழே விழவில்லை. விழுந்திருக்கவேண்டும். திருவல்லிக்கேணியில் முட்டைக் கடை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்து வளர்ந்தவள் நான். ஆனால் கேட்டது எஸ்ஸர் மாமி. அவர் என் தலையைக் கேட்டிருந்தாலும் எந்தத் தட்டில் வைக்கட்டும் என்றுதான் கேட்டிருப்பேன்.

இது 1971ஆம் வருஷம், செப்டம்பர் மாதம். பான் நகரத்தில் பொப்பல்ஸ்டோர்ஃப் பக்கம் அவர்கள் வீட்டின் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவர் சேஷாத்ரி பல்கலைக்கழகத்தில் ரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் ஹெர் எஸ்ஸர் முப்பது வருஷமாக டிராம் ஓட்டிக்கொண்டிருந்தவர். வெளியே ஹெர், ஃப்ராவ் என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும், கதவைச் சாத்திவிட்டால் எங்களுக்கு அவர்கள் எஸ்ஸர் மாமா, எஸ்ஸர் மாமிதான். அவர்கள் பேசிய ஜெர்மன்கூட என் ஞாபகத்தில் எங்கள் வீட்டுத் தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன், யாரும் தப்பாக நினைக்கவேண்டாம்.

முந்தைய குளிர்காலத்தில் வைதேகி என் வயிற்றில் இருந்தாள். ஐந்தாம் மாதத்திலேயே டாக்டர் என்னைக் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா கடல் தாண்டி இருந்தாள். இவருக்கோ வெந்நீர் வைக்கத் தெரியும், அதுவும் குடுவையில். எஸ்ஸர் மாமிதான் முட்டிவலியோடு ஒரு நாளைக்கு மூன்று தடவை மூன்று மாடி ஏறினார். நாங்கள் மாமிசம் தொடமாட்டோம் என்று தெரிந்ததும், எனக்கென்று தனியாக ஒரு பாத்திரமும் கரண்டியும் வாங்கிவைத்து, அதில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் சமைத்துக் கொண்டுவருவார். ஒருநாள் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மூச்சிறைக்க ஓடிவந்து, "நிறுத்துங்கோ, கரண்டி மாறிப்போச்சு" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு போனார். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

எஸ்ஸர் மாமா சனிக்கிழமைகளில் ஐஃபல் மலைப்பக்கம் வேட்டைக்குப் போகிறவர். வேட்டையாடியதைக் கீழே நிலவறையில் வைத்துத்தான் துண்டு போடுவார். எனக்கு மசக்கை, வாடை மேலே ஏறிவருகிறது என்று மாமி என்றோ மாமாவிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரத்திலிருந்து அந்த வேலையெல்லாம் எண்டனிஹ் என்ற பக்கத்துப் பேட்டையில் இருந்த அவருடைய தம்பி வீட்டுக்குப் போய்விட்டது. அதைப்பற்றி மாமா எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொந்த வீட்டில் வாடகைக்கு வந்தவளுக்காகத் தன் கத்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே போன மனுஷர் அவர். பிப்ரவரியில் பனி கொட்டிய காலையில் ஆம்புலன்ஸ் வரத் தாமதமானபோது என்னைத் தன் பழைய பீட்டில் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவரும் அவரே. வழி முழுக்க டிராம் தண்டவாளத்தை ஒட்டியே ஓட்டினார். வேறு வழி அவருக்கு வராது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவர்கள் உப்பு மட்டுமா இட்டார்கள்?

அதனால்தான் தயிர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "யாருக்கு மாமி? மாமாவுக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"அக்டோபர்ல அவருக்கு அறுபத்தஞ்சு முடியறது. அதுக்குத் தரணும். ரொம்ப விலை கூடாது. பெரிய கம்பெனி கண்ணாடியெல்லாம் நம்மால முடியாது. உங்க ஆத்துக்காரர் விஞ்ஞானி. அவருக்குத் தெரியாம இருக்குமா?"

"மாமாவுக்குத் துப்பாக்கி மேலேயே ஒரு கண்ணாடி இருக்கே?"

மாமி குழந்தையை என் மடியிலிருந்து வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு போன நவம்பரில் நடந்ததைச் சொன்னார்.

அங்கே வேட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. கன்றுக்குப் பால் கொடுக்கிற பெண்மானைச் சுடக் கூடாது. தாய் செத்தால் கன்று குளிர்காலத்தைத் தாண்டாது. எண்ணிக்கையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் கன்றைச் சுடவேண்டும், பிறகே தாயை. இதைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. என்ன நியாயம் இது, கன்றைக் கொல்வது ஒரு கருணையா என்று வாய்வரை வந்துவிட்டது. மாமி முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

எஸ்ஸர் மாமா அன்று சாயங்காலம் பள்ளத்தாக்கின் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவில் தனியாக நின்ற ஒரு பெண்மானைச் சுட்டிருக்கிறார். நல்ல தூரம். வெளிச்சம் மங்கிவிட்டது. துப்பாக்கிக் கண்ணாடியில் கன்று இல்லாத மான் போலத்தான் தெரிந்ததாம். கீழே இறங்கி, ஓடையைத் தாண்டி, ஏறிப்போய்ப் பார்த்தபோது மடியில் பால் இருந்தது. பக்கத்தில் ஒரு கன்று நின்றது. மாமா கிட்டே போயும் அது ஓடவில்லை.

"அதையும் அவர்தான் சுட்டார்" என்றார் மாமி. "சுடாம விட்டா பசியில செத்துடும். அன்னிக்கு ஆத்துக்கு வந்து சாப்பிடலை. இன்னிவரைக்கும் துப்பாக்கியைத் தொடலை."

அந்தக் காட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் கொலோன் நகரத்துப் பல் டாக்டர் ஒருவர். வேட்டைப் பரண்களைப் பழுதுபார்த்துக் கொடுப்பதற்குப் பதிலாக மாமாவை அங்கே வேட்டையாட அனுமதித்திருந்தார். இந்தப் பருவத்தில் மாமா ஒரு பெண்மானையாவது சுட்டாகவேண்டும், அதுவும் சரியாகப் பார்த்துச் சுட்டதாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அவர் கடிதம் எழுதிவிட்டார். மாமாவோ என் கண்ணை நானே நம்பவில்லை, எதற்குப் போகவேண்டும் என்று நிலவறையில் உட்கார்ந்து ஆணிகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஓய்வு வாங்கப்போற மனுஷர். அந்த மலையும் போயிடுத்துன்னா அவர் என்ன பண்ணுவார், வேதா? ஆணியைப் பிரிச்சுண்டே செத்துப்போவார்."

நான் சரி என்று சொன்னேன். சுடுவதற்கு அல்ல, சுடக் கூடாததைப் பார்ப்பதற்குத்தானே கண்ணாடி என்று மனசுக்கு ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

இவரிடம் சொன்னபோது ஒரு நிமிஷம் பூணூலை முன்னும் பின்னும் இழுத்தார். பிறகு விஷயம் டெலஸ்கோப் என்று மண்டைக்குள் ஏறியதும் ஆள் மாறிவிட்டார். ரசாயனக்காரருக்கும் டெலஸ்கோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. எங்கள் ஊர் எம்.எஸ்ஸி.க்காரர்களுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை.

பழைய சந்தைச் சதுக்கத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடிக் கடை இருந்தது. கடைக்காரர் எங்கள் எதிரில் இரண்டை வைத்தார். ஒன்று புதுசு, வழவழவென்று கறுப்பு, வளையத்தைத் திருகினால் இருபது மடங்கிலிருந்து அறுபது மடங்குவரை பெரிதாக்கும். மற்றது யாரோ விற்றுவிட்டுப் போனது. இழுத்தால் நீளுகிற பழைய குழாய், தோல் உறை கிழிந்து, பக்கவாட்டில் ஒரு நசுங்கல். வெறும் முப்பது மடங்குதான். முன்பக்கக் கண்ணாடி மட்டும் தோசைக் கரண்டி அளவுக்குப் பெரிது. வேட்டைக்காரர்கள் இதை ஸ்பெக்டிவ் என்பார்கள் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை, மாமி சொன்ன அளவுக்குள் வந்தது.

"ஒப்வியஸ்லி அறுபது" என்றார் இவர்.

"நசுங்கினதை ஒருதரம் பார்க்க வேண்டாமான்னா?"

"என்ன பார்க்கணும்? இது அறுபது, அது முப்பது. ஹாஃப் மார்க் வாங்கினவனுக்கு யாராவது சீட் குடுப்பாளோ?"

நானும் மறுத்துப் பேசவில்லை. மார்க்கு வாங்கியே மேலே வந்த குடும்பங்கள் எங்களுடையவை. அறுபதையும் முப்பதையும் பக்கத்தில் வைத்துவிட்டு எங்களில் யாராவது முப்பதை எடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னதை வாங்கிக்கொண்டு புதுசை எடுத்துவந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ரைன் நதிக்கரைக்குப் போய்ப் பரீட்சை வைத்தோம். எங்களுக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றுதான், படிப்பது. எதிர்க்கரையில் போன சரக்குப் படகின் பெயரை இவர் படித்தார். படகுக்காரனின் பனியனில் என்ன எழுதியிருந்தது என்று நான் படித்தேன். அக்கரை ஹோட்டலின் விலைப்பலகைகூடத் தெளிவாகத் தெரிந்தது. "எக்ஸலண்ட்! ஃபர்ஸ்ட் கிளாஸ்!" என்று இவர் குதித்தார். குழந்தை ஓரமாகப் படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது. அதற்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டதோ என்னவோ.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சமையலறை ஜன்னல் வழியாக, பின்தோட்டத்துக் கோடியில் மாமி துணி எடுப்பதைச் சும்மா அந்தக் கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மூடியைக் கழற்ற மறந்துவிட்டேனோ என்று தடவிப் பார்த்தேன். மூடி இல்லை. வெறும் கண்ணுக்கு மாமி தெரிகிறார், கண்ணாடியில் கருங்கும்மென்று இருக்கிறது. வளையத்தை இருபதுக்குத் திருகினேன். கொஞ்சம் வெளிச்சம் வந்தது, மாமி சின்னதாகிவிட்டார். அறுபதுக்குத் திருப்பினால் மறுபடியும் இருட்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மான்கள் எத்தனை மணிக்கு வெளியே வரும்?

"ஏன்னா, மாமா அந்த மானைச் சுட்டது சாயங்காலம்தானே? நாம எத்தனை மணிக்குப் போய்ப் பார்த்தோம்?"

இவர் கண்ணாடியை வாங்கி ஜன்னலில் வைத்துப் பார்த்தார். அரை நிமிஷம் கழித்து, "மை காட்" என்றார். இவருடைய கல்யாண வாழ்க்கையில் தோல்வியை ஒப்புக்கொண்ட முதல் சந்தர்ப்பம் அது. தேதியைக் குறித்துவைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை கடைக்காரரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பகல் பதினோரு மணிக்கு மான் ரைன் கரைக்கு வந்து பேர் எழுதிண்டு நிக்குமா?" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். வெளிச்சம் முன்பக்கக் கண்ணாடி வழியாகத்தான் உள்ளே வரும். எவ்வளவு பெரிதாக்குகிறோமோ, அந்த வெளிச்சம் அவ்வளவுக்கு மெலிந்துபோகும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு டம்ளர் டிகாக்‌ஷனை இரண்டு பேருக்குக் கலந்தால் காப்பி. அதையே பத்துப் பேருக்குக் கலந்தால் கழுநீர்.

"அப்ப முகம் பெரிசா இருக்கணும், நம்பர் சின்னதா இருக்கணும்" என்றேன்.

"அதேதான். அறுபதுல கை நடுக்கமும் அறுபது மடங்காத் தெரியும். வேட்டைக்காரா யாரும் அதுல பார்க்கமாட்டா." நசுங்கலைக் காட்டி, "அடி தகரத்துக்குத்தான் பட்டிருக்கு, கண்ணாடிக்குப் படலை. அதனாலதான் இந்த விலை. இது புதுசா இருந்தா நீங்க விலையைக் கேக்கவே மாட்டேள்" என்றார்.

இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. பரீட்சையை நானே வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மான் மடியைப் பார்க்கவேண்டும் என்றால் மடியைத்தானே பார்த்துச் சோதிக்கவேண்டும்? பால் விஷயத்தில் நான் ஒன்றும் தெரியாதவள் இல்லை. திருவல்லிக்கேணியில் பால்காரன் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கறப்பான். அவன் தண்ணீர் கலக்காமல் இருக்கக் கண்கொத்திப் பாம்பாக எதிரில் நிற்பது கல்யாணம் ஆகும்வரை என் உத்தியோகம். எந்த மாடு கறக்கும், எது கறக்காது, எதில் இன்னும் அரைப்படி மிச்சம் என்று பார்த்த பார்வையிலேயே சொல்லிவிடுவேன்.

இப்பன்டோர்ஃப் மேட்டில் ஒரு புல்வெளி. எதிர்ச்சரிவில் மாடுகள். சூரியன் இறங்கிய பிறகு, கற்சுவரின்மேல் கம்பளியை மடித்துப் போட்டு, அதன்மேல் நசுங்கிய குழாயை வைத்தேன். மொத்தம் ஒன்பது மாடுகள். மங்கலில் வெறும் கண்ணுக்கு ஒன்பது நிழல்கள்தான். கண்ணாடிக்குள்ளே அவை மாடுகளாக நின்றன. பின்னங்கால்களுக்கு நடுவே பார்த்துப் பார்த்து நான் சொல்லச் சொல்ல, இவர் ஆராய்ச்சி நோட்டில் எழுதிக்கொண்டார். முதல் மாடு பால், இரண்டாவது கிடாரி, மூன்றாவது பால். குளிரில் எனக்கு மூக்கு ஒழுகியது. ஒன்பதில் நான்கு கறவை, ஐந்து கிடாரி என்று கணக்கை முடித்துவிட்டு, மேடேறிப்போய் மாட்டுக்காரரிடம் கேட்டோம். புடவைமேல் கோட்டு போட்டவளும் நோட்டுப் புத்தகத்தோடு ஒருத்தரும் இருட்டுகிற நேரத்தில் வந்து, உங்கள் மாட்டில் எத்தனை பால் கறக்கும் என்று கேட்டால் யார்தான் பயப்படமாட்டார்கள்? இந்தியர்கள் பசுவைக் கும்பிட வந்திருக்கிறார்கள் என்று முடிவு செய்திருப்பார் போலிருக்கிறது. தொப்பியை எடுத்துவிட்டு, "நாலு" என்றார்.

இவர் அந்தப் பழைய குழாயைத் தட்டிக்கொடுத்தார். "முப்பது மார்க் பையன் பாஸ் பண்ணிட்டான்டி!"

பிறந்தநாளன்று எஸ்ஸர் மாமா உறையைப் பிரித்து, குழாயை இழுத்து, முன்கண்ணாடியைத் துடைக்காமலே வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மாமி சும்மா இருப்பாரா? மாட்டுப் பரீட்சையை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். மாமா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அப்படின்னா நீங்க என்னோட வரணும், ஃப்ராவ் வேதா. ஒரு தடவை. உங்க கண்ணு சொன்னா நான் நம்புவேன்" என்றார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். வரமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? இவரைப் பார்த்தேன். இவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "நான் வைதேகியைப் பாத்துக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை. ஆர் நதியைத் தாண்டி, மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம் போனோம். இலையெல்லாம் மஞ்சளும் செம்பழுப்புமாக இருந்தது. அழகு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரிவில் மரப்பலகையால் ஒரு இருக்கை. எதிரே பள்ளத்தாக்கு, அதற்கப்பால் ஒரு புல்திட்டு. மாமா தோள்பையை எதிரில் வைத்து அதன்மேல் ஸ்பெக்டிவைக் கிடத்தி, எனக்குச் சரியாக வைத்துக்கொடுத்தார். தனக்குப் பக்கத்தில் துப்பாக்கி. பேசக் கூடாது, தும்மக் கூடாது. நான்கு மணியிலிருந்து ஐந்தே முக்கால்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். நான் மனசுக்குள் பெருமாளே, இன்று மானெல்லாம் எங்காவது கல்யாணத்துக்குப் போயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

போகவில்லை. ஒரு பெண்மான் மரங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தது. தனியாக.

மாமாவின் மூச்சு மாறியது. "பாருங்கோ" என்றார், காற்றைவிட மெதுவாக. "எனக்காகப் பார்த்துச் சொல்லுங்கோ. கன்னு உள்ளே நிக்கலாம். பின்னங்காலுக்கு நடுவுல பாருங்கோ. பால் இருக்கா?"

பார்த்தேன். அந்த மங்கலிலும் அது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தது! முகம் நரைத்துப்போய், கழுத்து மெலிந்து, முதுகெலும்பு கூரை மாதிரி எழும்பி நின்றது. மெல்ல மெல்லப் புல்லைக் கடித்தது. ஒரு காது அறுந்திருந்தது. திரும்பி, வாலை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. பின்னங்கால்களுக்கு நடுவே ஒன்றுமில்லை. வறண்ட தோல். அந்த வருஷம் அது எதற்கும் பால் கொடுக்கவில்லை. ஒரு கிழவி மான். அவ்வளவுதான்.

சட்டப்படி சுடலாம். மாமாவுக்கு இந்த மலை திரும்பிக் கிடைத்துவிடும். பால் இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது செத்துவிடும். அந்த அறுந்த காது என்னைப் பார்த்துத் திரும்பியது.

"இருக்கு" என்றேன். "பால் இருக்கு."

என் வாயில் பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியாது. மாமா துப்பாக்கியிலிருந்து விரலை எடுத்தார். உடனே, அப்பாடா, ஒரு உயிர் தப்பியது என்று இருந்தது. அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. இந்த மனுஷர் தன் கண்ணை நம்பாமல் என் கண்ணை நம்பி வந்திருக்கிறார். அந்தக் கண்ணை வைத்து அவரை ஏமாற்றிவிட்டேன்.

அவர் என் பக்கம் சாய்ந்து, தானே ஸ்பெக்டிவில் கண்ணை வைத்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு, இருட்டு சீக்கிரம் வரட்டும் என்று வேண்டினேன். அந்த நசுங்கிய குழாய் இருட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

"ஃப்ராவ் வேதா" என்றார், கண்ணை எடுக்காமலே. "பால் இல்லை."

நான் கோட்டுக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"கிழவி. பல்லும் தேஞ்சிருக்கும், மெல்ல முடியாம மென்னு துப்பறது. கன்னு இல்லை. பின்னாடி கன்னு வந்த தடமும் இல்லை." அவர் குழாயை இறுகப் பிடித்துக்கொண்டார். கோபத்தில் அல்ல. "எனக்குத் தெரியறது. நன்னாத் தெரியறது. போன வருஷம் மட்டும் இப்படித் தெரிஞ்சிருந்தா..."

துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன் சுடலை?"

"நீங்க சுடாதேன்னு சொன்னேளே" என்றார். "வேற வார்த்தையில சொன்னேள். எனக்குப் புரியாதா? இன்னிக்கு நீங்க விருந்தாளி." சட்டைப் பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "ஆனா அடுத்த சனிக்கிழமை நான் தனியா வருவேன். அதை உங்ககிட்ட மறைக்கமாட்டேன்" என்றார்.

அந்த மான் மேய்ந்து முடித்துவிட்டுத் தன்பாட்டில் மரங்களுக்குள் போனது. நான் அழுதேன். அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார், துப்பாக்கி எண்ணெய் வாடை அடித்தது.

திரும்பி வரும்போது காரில் பாதிவழிவரை அந்தக் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். ரெமாகன் ஊரைத் தாண்டியதும் என்னால் தாங்கமுடியவில்லை.

"நான் பொய் சொல்லிட்டேன், ஹெர் எஸ்ஸர். பார்த்துட்டேதான் சொன்னேன்."

"தெரியும்" என்றார். பாதையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "ரொம்ப நல்ல கண்ணாடி வாங்கிக் குடுத்திருக்கேள்."

என்னை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். போன நவம்பருக்கு அப்புறம் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வீட்டு வாசலில் மாமி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மாமாவின் கோட்டை வாங்கி மாட்டினார்.

அடுத்த சனிக்கிழமை அவர் தனியாகப் போனார். நாள் முழுக்க என் கை ஒரு காரியத்தில் நிலைக்கவில்லை. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா மாடியேறி வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கதவைத் திறந்த என்னிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"பால் இல்லை" என்றார். "மூணு தடவை பார்த்தேன். கன்னு வரதான்னு அரை மணி நேரம் காத்திண்டிருந்தேன். அதுக்கப்புறம்தான். ஒரே குண்டு, அதுக்குத் தெரிஞ்சிருக்கக்கூட இருக்காது." பிறகு, "பல் டாக்டர் போன் பண்ணினார். மலை எனக்குத்தான்" என்றார்.

அந்த அறுந்த காதுக்கார மானா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறைக்கமாட்டார். அதனாலேயே கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். நன்றாகத் தூங்கி எழுந்த மனுஷருடைய முகம். எனக்காகத் தன் கத்தியை வெளியே கொண்டுபோனவர். கொன்றதைக்கூட என்னிடம் மறைக்காமல் வந்து சொல்லி, என் பதிலுக்காக நிற்கிறார்.

"டாங்கே, ஹெர் எஸ்ஸர்" என்றேன். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. வேறு வார்த்தை வேண்டியும் இருக்கவில்லை.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கீழே இறங்கிப்போனார். உள்ளே இவர் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டே, "எதுக்குடி அவருக்குத் தாங்க்ஸ்? சுட்டுட்டு வந்ததுக்கா?" என்றார். விளக்கேற்றுகிற நேரமாகிவிட்டது. பெருமாள் படத்துக்கு முன்னால் வழக்கமாக ஒரு அகல்தான் ஏற்றுவேன். அன்று இரண்டை எடுத்து வைத்தேன். ஒன்று அந்தக் கிழவிக்கு, ஒன்று எஸ்ஸர் மாமாவுக்கு. இரண்டையும் ஒரே தீக்குச்சியால் ஏற்றினேன்.